கணுக்காலில் வீக்கம், நெஞ்சில் விடை

மூட்டுவலி, முதுகுவலி என்று டாக்டரிடம் போகிறவர்களில் சிலருக்கு நோயின் வேர் நுரையீரலில் இருக்கிறது. அதன் பெயர் சார்காய்டோசிஸ். இந்தியாவில் அதைக் காசநோயிலிருந்து பிரித்தறிவதுதான் பெரும்பாடு. தவறினால் விலை அதிகம்.

பெரும்பாலும் கணுக்காலில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு கணுக்கால்களும் ஒரே சமயத்தில் வீங்குகின்றன. செருப்புக்குள் பாதம் நுழைய மறுக்கிறது. மாடிப்படி இறங்குவது தண்டனையாகிறது. லேசான காய்ச்சல், அசதி. சிலருக்கு முழங்காலுக்குக் கீழே, தொட்டாலே வலிக்கும் சிவந்த கட்டிகள். குடும்ப டாக்டர் யூரிக் அமிலம் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை, அதிலும் ஒன்றுமில்லை. சிக்குன்குனியா? அதுவும் இல்லை. வலி மாத்திரையோடு ஒரு மாதம் ஓடிவிடுகிறது.

பிறகு யாரோ ஒரு டாக்டருக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. காலில் வலி என்று வந்தவருக்கு நெஞ்சில் ஏன் எக்ஸ்ரே என்று வீட்டார் முணுமுணுக்கிறார்கள். ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது. நுரையீரல்களின் வாசலில், மூச்சுக்குழாய்கள் உள்ளே நுழையும் இடத்தில், இரு பக்கமும் நிணநீர் முடிச்சுகள் பருத்து நிற்கின்றன.

இதற்குப் பிறகு நடப்பதில்தான் சிக்கல். நெஞ்சில் நெறிகட்டியிருந்தால் இந்திய டாக்டரின் மனதில் முதலில் வருவது டி.பி. அதில் தவறும் இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆனால் முதலில் தோன்றியதையே முடிவாக வைத்துக்கொண்டு ஆறு மாத மருந்தை எழுதிவிடும்போது, சார்காய்டோசிஸ் நோயாளி தனக்கு இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடத் தொடங்குகிறார்.

தொற்றாத நோய்

சார்காய்டோசிஸ் தொற்றுநோய் அல்ல, புற்றுநோயும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி எதையோ எதிரி என்று எண்ணிப் படை திரட்டுகிறது. எதிரி யார் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத சிறு முடிச்சுகளாகின்றன. இவற்றுக்கு கிரானுலோமா என்று பெயர். அதிகம் பாதிக்கப்படுவது நுரையீரலும் அதையொட்டிய நிணநீர் முடிச்சுகளும்தான். தோல், கண், கல்லீரல், இதயம், நரம்பு மண்டலம் எதையும் இது விட்டுவைப்பதில்லை. எலும்பும் மூட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பேருக்கு மூட்டுத் தொல்லை இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

காசநோய்க் கிருமியும் இதே போன்ற கிரானுலோமாக்களை உண்டாக்குகிறது. வித்தியாசம் நடுவில் இருக்கிறது. டி.பி. முடிச்சின் மையம் பெரும்பாலும் அழுகிப் பாலாடைக்கட்டி போல் ஆகிவிடும். சார்காய்டோசிஸ் முடிச்சு பொதுவாக அப்படி ஆவதில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரியும் இந்தச் சிறு வேறுபாட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது நோயாளியின் அடுத்த ஓராண்டு வாழ்க்கை.

நோயின் வரலாற்றிலும் மூட்டுக்கு ஆரம்பத்திலேயே இடம் உண்டு. லண்டன் டாக்டர் ஜொனாதன் ஹட்சின்சன், நிலக்கரித் துறையில் வேலை பார்த்த ஒருவரின் கை கால்களில் ஊதா நிறத் தடிப்புகளை 1869-ல் பார்த்தார். 1877-ல் அதைப் பதிவு செய்தார். அந்த மனிதருக்கு கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவாதம் இருந்தது. தடிப்புகளும் அதன் விளைவு என்றே ஹட்சின்சன் நினைத்தார். 1899-ல் நார்வேயின் சீசர் போக் இந்தத் தோல் கட்டிகளுக்கு 'சார்காய்டு' என்று பெயரிட்டார். பார்வைக்குச் சதைப் புற்று போலத் தெரிந்தாலும் புற்று அல்ல என்பது பொருள். கணுக்கால் வீக்கம், காலில் சிவந்த கட்டிகள், நெஞ்சில் நெறி ஆகிய மூன்றையும் ஒரே நோயின் கூட்டணியாக நிலைநிறுத்தியவர் சுவீடனின் ஸ்வென் லோஃப்கிரன். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் அவர் செய்த வேலை அது. இன்றும் அந்தக் கூட்டணிக்கு லோஃப்கிரன் சிண்ட்ரோம் என்றுதான் பெயர்.

இந்தியாவில் இது இல்லவே இல்லை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1950-களில் முதல் பதிவுகள் வந்தன. 1980-களில் கொல்கத்தாவில் டாக்டர் எஸ்.கே. குப்தாவும் சக டாக்டர்களும் நோயாளிகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான், நோய் எப்போதுமே இங்கு இருந்திருக்கிறது, டி.பி. என்ற பெயரில் ஒளிந்திருந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுப்பட்டது.

தானே போகும் வலி, தங்கிவிடும் வலி

லோஃப்கிரன் வகை மூட்டுவலி பயமுறுத்தும் வேகத்தில் வரும். ஆனால் நல்ல முடிவுள்ளது. கணுக்கால்தான் அதன் பிரதான இலக்கு. முழங்கால், மணிக்கட்டு பிறகு வரும். ஆச்சரியம் என்னவென்றால், பல நேரங்களில் மூட்டுக்குள் நோய் அதிகம் இருப்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களும் தசைநாண் உறைகளும்தான் வீங்குகின்றன. அல்ட்ராசவுண்டு பார்த்தால் தெரிந்துவிடும். பெண்களுக்குச் சிவந்த கட்டிகளும் ஆண்களுக்குக் கணுக்கால் வீக்கமும் தூக்கலாக இருக்கும்.

இந்த வலி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுகிறது. நெஞ்சிலுள்ள நெறியும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாண்டுகளுக்குள் கரைந்துபோகிறது. ஓய்வும் சாதாரண அழற்சி நீக்கும் மாத்திரைகளுமே பலருக்குப் போதும்.

தானாகப் போகும் நோய் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சமயத்தில் ஒருவருக்கு டி.பி. மருந்து கொடுத்தால் மூன்றாவது மாதம் கணுக்கால் வீக்கம் வடிந்துவிடும். "பார்த்தீர்களா, டி.பி.தான்" என்பார்கள். எந்த மருந்தும் இல்லாவிட்டாலும் வடிந்திருக்கும் வீக்கம் அது. மாத்திரைக்குக் கிடைப்பது இரவல் புகழ்.

இன்னும் மோசமான வேடிக்கையும் உண்டு. டி.பி.க்குத் தரப்படும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைராஸினமைடு ரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றும், மூட்டுவலியையும் உண்டாக்கும். மூட்டுவலிக்காக வந்த ஒருவருக்கு, இல்லாத நோயின் பெயரில், மூட்டுவலி தரும் மருந்து! இன்னொரு மருந்தான எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். சார்காய்டோசிஸும் கண்ணைத் தாக்கும் நோய். பார்வை மங்கினால் பழி யார் மீது? நோயா, மருந்தா? முதல் முடிவு தவறாக இருந்தால் அதன் பிறகு எழும் ஒவ்வொரு கேள்வியும் குழம்பிப்போகிறது.

எல்லா மூட்டுவலியும் இப்படி விடைபெற்றுப் போவதில்லை. நூற்றில் ஒரு சிலருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. கைவிரல் ஒன்று முழுவதுமாகப் பருத்து விடைத்து நிற்கும். எக்ஸ்ரேயில் விரல் எலும்புக்குள் சல்லடைக் கண்கள் போலத் தெரியும். இப்படிப்பட்டவர்களுக்கு மூக்கிலும் கன்னத்திலும் ஊதாநிறத் தோல் தடிப்பு சேர்ந்தே வருவதுண்டு. இது தானாகப் போகும் ரகம் அல்ல. நீண்டகாலச் சிகிச்சை வேண்டும்.

இந்தியாவில் காசநோயும் மூட்டுகளோடு விளையாடும் என்பதையும் மறக்கக்கூடாது. உடலில் வேறெங்கோ டி.பி. இருக்க, கிருமி நுழையாத மூட்டுகள் வீங்குவது உண்டு. பிரான்ஸின் அந்தோனின் போன்ஸே 1897-ல் விவரித்த இந்த நிலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காலில் வரும் சிவந்த கட்டிகளும் சார்காய்டோசிஸுக்கு மட்டும் சொந்தமல்ல. டி.பி.யிலும் வரும், தொண்டைக் கிருமிக்குப் பின்னும் வரும். தொழுநோய் சார்ந்த கட்டிகளும் ஏறக்குறைய அப்படியே தோன்றும். எனவே "இது டி.பி. அல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் அதே தவறின் மறுபக்கம்தான்.

முதுகில் நான்கு சந்தேகங்கள்

கணுக்காலைவிடச் சிக்கலானது முதுகு. சார்காய்டோசிஸ் உள்ளவர் முதுகு வலிக்கிறது என்றால் குறைந்தது நான்கு காரணங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

முதலாவது, எல்லோருக்கும் வரும் சாதாரண முதுகுவலி. தசைப்பிடிப்பு, தேய்ந்த டிஸ்க். வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். சார்காய்டோசிஸ் இருக்கிறது என்பதற்காக இது வராமல் போகாது. பெரும்பாலான முதுகுவலி இந்த வகைதான்.

இரண்டாவது, அழற்சியால் வரும் முதுகுவலி. இதன் குணம் நேர்மாறு. படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். விடியற்காலையில் தூக்கத்தைக் கலைக்கும். எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு மரக்கட்டையாக விறைத்திருக்கும். நாற்பது வயதுக்குள் சத்தமின்றித் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். புட்டத்தில் வலி இப்பக்கமும் அப்பக்கமும் மாறிமாறி வரும். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக் மூட்டில் ஏற்படும் அழற்சி இது. அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு இறுகும் நோயின் அடையாளமும் இதுவே.

சார்காய்டோசிஸுக்கும் இதற்கும் உறவு உண்டா என்பது நெடுநாளாக நடக்கும் விவாதம். பிரிட்டனில் 61 சார்காய்டோசிஸ் நோயாளிகளைப் பரிசோதித்து 2005-ல் வெளியான ஆய்வில் நான்கு பேருக்கு இந்த மூட்டு அழற்சி இருந்தது. அதாவது நூற்றுக்கு ஆறேழு பேர். பொதுமக்களிடையே காணப்படுவதைவிட இது பல மடங்கு அதிகம். துருக்கியில் பிறகு நடந்த ஒரு சிறிய ஆய்வில் விகிதம் இன்னும் கூடுதலாக வந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. சிலருக்கு இரண்டு நோய்களும் தனித்தனியே வந்து ஒரே உடலில் குடியேறியிருக்கலாம். சிலருக்கு சார்காய்டோசிஸே அந்த மூட்டைத் தாக்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும் நோயாளிக்கு முக்கியம் ஒன்றுதான்: காலை விறைப்போடு வரும் முதுகுவலியை "உட்கார்ந்து வேலை பார்ப்பதால்" என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும்.

மூன்றாவது அபூர்வம், ஆனால் ஆளை அதிகம் மிரட்டுவது. கிரானுலோமாக்கள் முதுகெலும்புக்குள்ளேயே குடியேறிவிடும். பெரும்பாலும் மார்பு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்புப் பகுதியின் மேற்பகுதியிலும். ஸ்கேனில் இது பரவிய புற்றுநோய் போலவும் தெரியும், எலும்பு டி.பி. போலவும் தெரியும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் ஒரு நுணுக்கத்தைக் கவனிப்பார். டி.பி. வழக்கமாக இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்கையும் அரித்து, பக்கத்தில் சீழ்க்கட்டியும் வைக்கும். சார்காய்டோசிஸ் பொதுவாக டிஸ்கைத் தொடாது. இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. எலும்பிலிருந்து ஊசி மூலம் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

இங்கே பந்தயம் பெரியது. முதுகெலும்பு டி.பி.க்கு ஓராண்டு வரை மருந்து தேவை. தாமதித்தால் கால்கள் செயலிழக்கலாம். அந்த டி.பி.யை சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், கிருமியைத் தடுக்கும் காவலர்களை நாமே கட்டிப்போட்டதாகும். கொடுமை என்னவென்றால் முதல் சில வாரங்கள் நோயாளிக்குச் சுகமாகத்தான் இருக்கும். காய்ச்சல் போகும், பசி எடுக்கும், வலி குறையும். ஸ்டீராய்டு இரண்டு நோயிலுமே முதலில் முகமலர்ச்சி தரும். ஆகவே "மருந்து கேட்டது, எனவே நோய் இதுதான்" என்ற வாதம் இந்த இரு நோய்களிலும் செல்லாது.

நான்காவது, சிகிச்சையே தரும் முதுகுவலி. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் எலும்பு மெலிந்துவிடுகிறது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிடலாம். இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதும் உண்டு. தொடையிடுக்கில் வலி, நொண்டல் என்று வரும் இதை "சார்காய்டு திரும்பிவிட்டது" என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, மறைவிடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ காரணத்தை யோசித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அது அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அவசரம்.

சாட்சி கேட்கும் வழக்கு

எந்த ஒரு ரத்தப் பரிசோதனையும் சார்காய்டோசிஸை உறுதி செய்யாது. ஏ.சி.ஈ. என்ற பரிசோதனையை லேப்கள் தாராளமாக எடுக்கின்றன. நோய் இருந்தும் அது சாதாரண அளவில் இருக்கலாம். தொழுநோய் உட்பட வேறு நோய்களிலும் உயரலாம். ஏ.சி.ஈ. கூடுதல் என்ற ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஒரு நோயைச் சுமக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, முன்கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் தடிப்பைப் பார்க்கும் மலிவான பழைய மாண்டூ பரிசோதனைக்கு இந்தியாவில் ஒரு தனி மதிப்பு. சுற்றிலும் காசநோய்க் கிருமி நிறைந்த நாட்டில் பலருக்கும் தடிப்பு வரும். சார்காய்டோசிஸ் நோயாளிக்கோ பெரும்பாலும் ஒன்றுமே வராது. நெஞ்சில் இவ்வளவு நெறி வைத்துக்கொண்டு மாண்டூ வெறுமையாக இருந்தால், டி.பி.தான் என்று அடித்துச் சொல்வதற்கு முன் டாக்டர் ஒரு கணம் நிற்கவேண்டும்.

கடைசிச் சொல் திசுவுக்குத்தான். நெஞ்சு நெறியை எட்ட முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் வாய் வழியாகக் குழாயை இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டு கண்ணால் பார்த்தபடி ஊசியால் மாதிரி எடுக்கிறார்கள். ஈபஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தையல் கிடையாது, தழும்பு கிடையாது. எடுத்த மாதிரியை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு பாதி மைக்ராஸ்கோப்புக்கு, மறுபாதி டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி. நாட் பரிசோதனைக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும். முழு மாதிரியையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளராது. பாதிச் சாட்சியை நாமே அழித்தது போலாகும்.

எல்லா அடையாளங்களும் பொருந்தும் லோஃப்கிரன் நோயாளிக்கு மேலை நாடுகளில் திசு எடுக்காமலே விட்டுவிடுவதுண்டு. காசநோய் மலிந்த இந்தியாவில் அந்தத் துணிச்சலுக்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும்.

குறைவாக, ஆனால் சரியாக

நோய் உறுதியானால் உடனே ஸ்டீராய்டு என்பது விதியல்ல. மூச்சு, கண், இதயம், நரம்பு ஆகியவை ஆபத்தில் இல்லை, வலி தாங்கும் அளவில் இருக்கிறது என்றால் கண்காணித்துக்கொண்டே காத்திருப்பதும் சிகிச்சைதான். தேவைப்படும்போது ப்ரெட்னிசலோன் முதலில் வரும். எவ்வளவு?

இதற்கு விடை தேடியதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனம் நுரையீரல் சார்காய்டோசிஸ் உள்ள 86 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஆரம்பத்தில் தினம் 40 மில்லிகிராம், மறுபிரிவுக்கு 20. 2023-ல் வெளியான முடிவுப்படி, நோய் திரும்புவதிலும் சிகிச்சை தோற்பதிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் 138 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2025-ல் வெளிவந்தது. மூட்டுவாத டாக்டர்கள் பல பத்தாண்டுகளாக வாரம் ஒருமுறை கொடுத்துவரும் மெத்தோட்ரெக்ஸேட், நுரையீரல் நோய்க்கு முதல் மருந்தாகவே ஸ்டீராய்டுக்கு ஈடுகொடுக்கிறது என்று அது காட்டியது. இரண்டு ஆய்வுகளும் நுரையீரலைப் பற்றியவை. மூட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கைநிறைய ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும் பழக்கத்துக்கு இனி நியாயம் தேடவேண்டும்.

தங்கிவிட்ட மூட்டு நோய்க்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை உதவுகின்றன. முன்னதற்குக் கண் பரிசோதனையும் பின்னதற்குக் கல்லீரல், ரத்தப் பரிசோதனைகளும் தவறாமல் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக்கூடாது.

இவற்றுக்கும் மசியாத நோய்க்கு டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. இங்கே ஒரு விசித்திரம். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஆகியவை சார்காய்டோசிஸை அடக்கும். முதுகெலும்பு இறுகும் நோய்க்கும் நல்ல மருந்துகள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டனர்செப்ட் சார்காய்டோசிஸில் பயன்படவில்லை. அதைவிட வியப்பு, வேறு மூட்டு நோய்க்காக இந்த ஊசிகளைப் போட்டுக்கொண்ட சிலருக்குப் புதிதாக சார்காய்டோசிஸ் போன்ற நோயே தோன்றியிருக்கிறது. எட்டனர்செப்டில் இது அதிகம் பதிவாகியுள்ளது. முதுகு நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவருக்கு இருமலும் நெஞ்சில் நெறியும் வந்தால் டி.பி.யோடு இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

டி.பி.யை நினைக்காமல் விட முடியாது. இன்ஃப்ளிக்ஸிமாப் போட்ட பிறகு காசநோய் கிளம்பிய 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001-லேயே அமெரிக்காவில் வெளிவந்தது. உறங்கும் கிருமியை மூடிவைத்திருக்கும் சுவரைத்தான் இந்த ஊசி தகர்க்கிறது. எனவே ஊசிக்கு முன் டி.பி. பரிசோதனை கட்டாயம். விலையும் ஒரு தடைதான். 2014-ல் ஜைடஸ் நிறுவனம் உலகின் முதல் அடாலிமுமாப் நகலை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு விலை இறங்கியது என்றாலும் மாதச் சம்பளக்காரருக்கு அது இன்னும் பெரிய தொகைதான்.

வைட்டமின் என்ற வினை

எலும்பு வலி என்று சொல்லி முடிப்பதற்குள் கால்சியம் மாத்திரையும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் கைக்கு வந்துவிடும் நாடு இது. ஸ்டீராய்டு சாப்பிடுபவரென்றால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலோருக்கு நல்லதுதான். சார்காய்டோசிஸ் நோயாளிக்கு மட்டும் எச்சரிக்கை தேவை.

கிரானுலோமாவே ஒரு சிறு தொழிற்சாலை. உடலில் சேமிப்பாக இருக்கும் வைட்டமின் டியை, சிறுநீரகத்தின் அனுமதிக்குக் காத்திராமல், வீரியமுள்ள வடிவமாக அது மாற்றிவிடுகிறது. சேமிப்பு குறைகிறது, வீரியம் கூடுகிறது. லேபில் வழக்கமாக அளப்பது சேமிப்பை மட்டும். ரிப்போர்ட் "குறைவு" என்கிறது. டாக்டர் பாக்கெட்டுகளை எழுதித் தருகிறார். எரிகிற அடுப்பில் விறகு விழுகிறது. ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் ஏறுகிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு, சிறுநீரகக் கல், முற்றினால் சிறுநீரகச் செயலிழப்பு.

தீர்வு எளியது. பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் ரத்தக் கால்சியமும் சிறுநீர்க் கால்சியமும் பார்க்கவேண்டும். முடிந்தால் வீரிய வடிவ வைட்டமின் டியையும் அளக்கலாம். எலும்பைக் காக்க வேறு மருந்துகள் உண்டு. எது என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், மருந்துக் கடைக்காரர் அல்ல.

ஒரே ஃபைல், பல டாக்டர்கள்

இந்த நோயாளிகளின் துயரத்தில் பாதி, உடலைப் பங்குபோட்டுப் பார்க்கும் மருத்துவ முறையால் வருவது. கணுக்காலை எலும்பு டாக்டர் பார்க்கிறார், இருமலை நெஞ்சு டாக்டர், சிவந்த கண்ணைக் கண் டாக்டர், கட்டியைத் தோல் டாக்டர். நான்கு பேரிடமும் நான்கு ஃபைல்கள். நான்கையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்க ஆள் இல்லை. நெஞ்சக நோய் நிபுணரும் மூட்டுவாத நிபுணரும் சேர்ந்து பார்க்கவேண்டிய நோய் இது. சிறிய ஊர்களில் மூட்டுவாத நிபுணர் கிடைப்பது அரிது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளே பலருக்கும் கைக்கெட்டும் வழி.

நோயாளி செய்யக்கூடியவை சில உண்டு. எல்லா எக்ஸ்ரேக்களையும் தேதி வாரியாக ஒரே உறையில் வைத்திருக்கலாம். இரண்டாண்டுக்கு முந்தைய நெஞ்சுப் படம் சில சமயம் இன்றைய ஸ்கேனைவிட அதிகம் பேசும். கண்ணில் தொல்லை இல்லாவிட்டாலும் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டவேண்டும். சார்காய்டோசிஸ் கண்ணுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்யும். ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது. படபடப்போ மயக்கமோ இருந்தால் அது அவசியம். ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தவும் கூடாது, பழைய சீட்டைக் காட்டித் தானாக வாங்கவும் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. டி.பி. என்று சந்தேகித்த நாளில் தனியாக எடுத்துவைத்த தட்டும் டம்ளரும், சார்காய்டோசிஸ் என்று உறுதியான பிறகும் தனியாகவே இருந்துவிடுகின்றன. இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைக் கொஞ்சலாம், வேலைக்குப் போகலாம்.

மூட்டிலோ முதுகிலோ வலி என்று வரும் எல்லோருக்கும் சார்காய்டோசிஸ் இல்லை. நெஞ்சில் நெறி உள்ள எல்லோருக்கும் டி.பி.யும் இல்லை. ஆறு மாத மாத்திரையோ ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டோ, எதையும் தொடங்குவதற்கு முன் நோயாளி கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எனக்கு இந்த நோய்தான் என்பதற்கு என்ன ஆதாரம், டாக்டர்?" அதைக் கேட்கிறவரை நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.